ரோமர் 5:12-இல் வரும் ‘எஃப் ஹோ’ ஆதாமைச் சுட்டுகிறதா?

வணக்கம். ரோமர் 5:12-இன் கிரேக்க மூலத்தின் இறுதிப் பகுதியிலுள்ள ‘எஃப் ஹோ’ (‘எபி’ என்ற முன்னிடைச்சொல்லும் ‘ஹோ’ என்ற பிரதிப்பெயரும் சேர்ந்தது) என்ற தொடரில் ‘ஹோ’ ஆதாமைக் குறிக்குமாயின், தமிழ் வேதாகமம் ‘எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்’ என்று காரணப்பொருளில் தருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள்.

நாம் பெயரெச்சத்தால் சொல்வதைக் கிரேக்கம் தொடர்புப் பிரதிப்பெயரால் சொல்கிறது. அப்பிரதிப்பெயர் தான் சுட்டும் சொல்லின் பாலையும் எண்ணையும் ஏற்கும். ‘ஹோ’ என்பது அதன் நான்காம் வேற்றுமை ஒருமை வடிவம். ஆண்பாலுக்கும் நடுப்பாலுக்கும் வடிவம் ஒன்றே. எனவே, பெண்பாற் சொல்லாகிய ‘ஹமார்த்தியா’ (பாவம்) உடனே விலகிவிடுகிறது. ‘ஆந்த்ரோபோஸ்’ (மனுஷன்) ஆண்பாலாதலால் பொருந்தும் என்றாலும், அது வாக்கியத்தின் தொடக்கத்திலேயே நின்றுவிடுகிறது. இடையில் ‘தானத்தோஸ்’ (மரணம்) என்ற இன்னோர் ஆண்பாற் சொல்லும் வருகிறது.

வல்காத்தா என்ற பழைய இலத்தீன் வேதாகமம் இதனை ‘இன் குவோ’ (‘அவனுக்குள்’ என்றும் கொள்ளத்தக்கது) என்று பெயர்த்ததால், ‘அவனுக்குள் எல்லாரும் பாவஞ்செய்தார்கள்’ எனத் திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார் கொண்ட பொருள் மேற்குத் திருச்சபையில் வேரூன்றியது. ஆனால் கிரேக்கத்தில் இருப்பது ‘எபி’ என்ற முன்னிடைச்சொல்லே. ‘ஆதாமுக்குள்’ என்று சொல்ல விரும்பிய 1 கொரிந்தியர் 15:22-இல் பவுல் ‘உள்ளே’ எனப் பொருள்படும் ‘என்’ என்ற கிரேக்க முன்னிடைச்சொல்லையே கையாளுகிறார்.

2 கொரிந்தியர் 5:4-ஐயும் ஒருமுறை பாருங்கள். அங்கும் இதே ‘எஃப் ஹோ’ வருகிறது. சுட்டத்தக்க ஆள் எவரும் அருகில் இல்லை, ‘ஏனெனில்’ என்ற பொருளே இயல்பாக அமைகிறது. ‘அதன் விளைவாக’ என்று கொள்வோரும் உண்டு. எனினும் தமிழ் வேதாகமத்தின் தேர்வே வலுவானது என்பது என் கருத்து.