கேள்வி நேரம்: 4294967297-ஐ வகுக்கும் 641

கேள்வி: 2³² + 1 = 4294967297. இதைப் பகா எண் என்று கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். இது 641-ஆல் வகுபடும் என்று 1732-இல் ஆய்லர் காட்டினார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் சரியாக 641-ஐ எப்படிப் பிடிக்க முடிந்தது?

பதில்: 2, 3, 5, 7 என்று வரிசையாக வகுத்துப் போனால் 641 என்பது 116-ஆவது பகா எண். ஆனால் அத்தனையையும் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை.

ஏதோ ஒரு பகா எண் இதை மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதால் 2³²-ஐ வகுத்தால் மீதி −1 (அதாவது, ஒன்று கூட்டினால் மீதியின்றி வகுபடும்). வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-க்கு மீதி 1. அடுக்கு 64-க்குக் கீழே இருக்கும்வரை மீதி 1 வரவே வராது. அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்து, அதை 2-இன் அடுக்காக வைத்தாலும் மீதி 1 என்கிறது ஃபெர்மாவின் சிறு தேற்றம். எனவே அந்த அடுக்கு 64-இன் மடங்காகத்தான் இருந்தாக வேண்டும். ஃபெர்மாவின் ஊகத்தை வீழ்த்த அவருடைய தேற்றமே கைகொடுக்கிறது என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

64-இன் மடங்கோடு ஒன்று கூட்டிக் கிடைக்கும் பகா எண்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது. 64-க்குப் பதில் 128 என்றே எடுக்கலாம் என்று 1878-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா காட்டினார். அப்போது 257-உம் 641-உம் மட்டுமே மிஞ்சும்.

வகுக்காமலும் சரிபார்க்கலாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்க 5 × 2⁷-க்கு மீதி −1; நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-க்கு மீதி 1. 641 = 5⁴ + 2⁴ என்பதால் 5⁴ வரும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-க்கு மீதி 1 என்றாகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

கேள்வி: 641-ஆல் வகுத்தால் கிடைக்கும் மற்றக் காரணி 6700417 பகா எண்தானா?

பதில்: ஆம். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். அதன் காரணிகளுக்கும் 128 விதி பொருந்துவதால் 257, 641, 769, 1153, 1409 ஆகியவற்றால் வகுத்தாலே போதும். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622.

கேள்வி: சி மொழியில் 4294967297-ஐ 641-ஆல் வகுத்தேன். மீதி 1 என்று வருகிறதே?

பதில்: மாறியை 'அன்சைன்டு இன்ட்' (குறியில்லா முழு எண் வகை) என்று அறிவித்திருப்பீர்கள். வழக்கமான கணினிகளில் அது 32 பிட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 4294967295. அதைத் தாண்டினால் எண்ணிக்கை மீண்டும் 0-இலிருந்து தொடங்கும்; எனவே அதைவிட இரண்டு கூடிய இந்த எண்ணைப் போட்டால் உள்ளே தங்குவது வெறும் 1. 'அன்சைன்டு லாங் லாங்' என்று மாற்றுங்கள். அச்சிடும் ஃபார்மட்டையும் அதற்கேற்ப மாற்ற மறக்க வேண்டாம். சாதாரண 1-ஐ 32 பிட் இடப்பக்கம் நகர்த்தி 2³²-ஐ உண்டாக்கப் பார்க்காதீர்கள். அந்த 1-உம் 32 பிட்தான் என்பதால் என்ன விடை வரும் என்பதற்கு உத்தரவாதமே இல்லை. முதலில் 1-ஐ 64 பிட் வகைக்கு மாற்றிவிட்டு நகர்த்துங்கள்.