வார்ரம் பெர்சி: ஆளில்லாத ஊரைப் பற்றிச் சில கேள்விகள்

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயரில், சுண்ணப்பாறைக் குன்றுகளுக்கு நடுவே உள்ள வார்ரம் பெர்சியில் 1500-ஆம் ஆண்டையொட்டிக் குடிகள் அற்றுப்போயினர். அவ்வூரைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: பிளேக் நோயில் ஊரே அழிந்தது என்கிறார்களே?

பதில்: பலரும் சொல்லும் கதைதான்; ஆவணங்கள் அதற்கு இடந்தரவில்லை. 1349-இல் கொள்ளைநோய் இங்கும் பலரைக் கொண்டுபோனது, நிலக்கிழாரும் அவ்வாண்டே இறந்தார். ஆயினும் 1368-இல் ஏறத்தாழ 30 வீடுகளிலும், 1458-இல் 16 வீடுகளிலும் மக்கள் குடியிருந்தனர்.

கேள்வி: அப்படியானால் எஞ்சியவர்களை விரட்டியது யார்?

பதில்: சுருங்கச் சொன்னால் ஆடுகள். பிளேக்குக்குப் பின் வேலையாட்கள் குறைந்து கூலி ஏறியது. தானியத்துக்கோ நல்ல விலை இல்லை. உழவர் பலரை வைத்துப் பயிரிடுவதைவிட, ஓரிரு இடையர்களைக் கொண்டு கம்பளிக்காக ஆடு வளர்ப்பதே நிலக்கிழார்களுக்கு ஆதாயமாகப்பட்டது. விளைநிலங்கள் மேய்ச்சல் நிலங்களாவது குறித்து 1517-இல் அரசு நடத்திய விசாரணையில், இவ்வூரில் நான்கு ஏர்களின் உழவு நின்றுபோனதும் நான்கு வீடுகள் பாழானதும் நிலக்கிழார் ஹில்டன் பிரபுவின் பெயரில் பதிவாயின. விசாரணை வந்தபோது ஊர் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

கேள்வி: வீடுகள் இருந்த இடத்தை எப்படிக் கண்டறிந்தனர்?

பதில்: புல் மூடிய மேடுகளே வீட்டு மனைகளையும் தெருக்களையும் காட்டிக்கொடுத்தன. வரலாற்றாசிரியர் மோரிஸ் பெரெஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் அகழ்ந்தனர். சுவர்கள் அடிக்கடி மாற்றிக் கட்டப்பட்டிருந்ததைக் கண்டு, குடியானவர் வீடுகள் ஒரு தலைமுறைகூடத் தாங்காத குடிசைகள் என்று முதலில் கருதப்பட்டது. வளைமரச் சட்டங்களே கூரையைச் சுமந்தன, அதனால் வீட்டைப் பிரிக்காமலே சுவரை மட்டும் புதுப்பிக்க முடிந்தது என்ற விளக்கம் பின்னர் வந்தது. எனக்கு அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது.

கேள்வி: தேவாலயம் மட்டும் தப்பியது ஏன்?

பதில்: ஊர் போன பின்னும் பக்கத்து ஊரார் அங்கே வழிபட வந்தனர். கோபுரத்தின் ஒரு பகுதி 1959-இல் இடிந்தது.

கேள்வி: பிணங்களை வெட்டி எரித்தார்களாமே?

பதில்: 2017-இல் வெளியான ஆய்வு, குறைந்தது பத்துப் பேருடைய 137 எலும்புகளில் கத்தி வெட்டும் எரிந்த தடமும் கண்டது. பஞ்சத்தில் நரமாமிசம் உண்டிருக்கலாம் என்ற ஐயமும் ஆராயப்பட்டது. ஆனால் வெட்டுகள், இறைச்சிக்காக அறுத்தால் எதிர்பார்க்கக்கூடிய பெருந்தசைப் பகுதிகளில் இல்லாமல், தலை, கழுத்துப் பகுதியிலேயே குவிந்திருந்தன. வெளியூரார்மேல் இருந்த பகையால் செய்ததோ என்றும் பார்த்தனர்; பல் ஆய்வின்படி இறந்தவர்கள் வெளியூராரும் அல்லர். செத்தவர் எழுந்து வருவர் என்ற அச்சத்தால் செய்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் ஏற்ற விளக்கம்.