அப்பாவை இழந்த பதினைந்து வயசுப் பையனுக்கு சொந்தக்காரர்கள் என்ன செய்யலாம்?

மாமா தவறி மூன்று மாதம் ஆகிறது, அக்கா மகன் அழுவதும் இல்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதும் இல்லை, தாய்மாமனாக நான் என்ன செய்யட்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில், ஏறக்குறைய அதே வயதில் அப்பாவை இழந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நம் பக்கம் எழவு வீட்டில் ஆளுக்குக் குறைவே இருக்காது. பந்தல் போடுவதிலிருந்து பங்காளி வீட்டுச் சோறு வருவது வரை யாரும் யாரையும் கேட்காமலே நடக்கும். கருமாதி முடிந்து பந்தலைப் பிரித்தால் காடு, தறி, பனியன் கம்பெனி என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பையனுக்கு அப்போதுதான் ஆரம்பமே. அதுவரை வந்தவர்களுக்குச் சேர் எடுத்துப் போட்டுக்கொண்டும் கும்பிட்டுக்கொண்டும் இருந்தவனுக்கு அப்பா இல்லை என்பதே உறைத்திருக்காது. அதனால் இனிமேல்தான் நீங்கள் அடிக்கடி போக வேண்டும்.

"இனி நீதான் கண்ணு ஆம்பளையா இருந்து அம்மாளைப் பாத்துக்கோணும்" என்று அவனிடம் குறைந்தது பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், ஆனால் அவன் காதில் அது அழக்கூடாது என்றுதான் விழும். கூடவே, ராத்திரியில் பெரியவர்கள் சொசைட்டிக் கடன், காடு விற்பது என்று பேசுவதெல்லாம் அவனுக்குக் கேட்கும், படிப்பு நின்றுவிடுமோ என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். கடன் எவ்வளவு, யார் கட்டப்போகிறார்கள், அவன் படிப்புக்கு என்ன ஏற்பாடு என்று ஒளிக்காமல் அவனிடமே சொல்லிவிடுங்கள், அது எங்கள் பொறுப்பு என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம், எதிரே உட்காரவைத்து "மனசுல என்ன இருக்கு, சொல்லு" என்று கேட்காதீர்கள், வாயே திறக்கமாட்டான். வேலைக்குக் கூடக் கூட்டிக்கொண்டு போங்கள். என் சித்தப்பா தினமும் சாயங்காலம் பால் கேனோடு என்னையும் டிவிஎஸ் 50-ல் ஏற்றிக்கொள்வார், எதுவும் கேட்கமாட்டார். ஒருநாள் தடப்பள்ளி வாய்க்கால் மேட்டில் போகும்போது "அண்ணன் எனக்கு நீச்சல் பழக்கியுட்டது இங்கதான் கண்ணு" என்றார். பின்னால் உட்கார்ந்து அழுதேன். அவர் திரும்பவும் இல்லை, அழாதே என்று சொல்லவும் இல்லை, வண்டியை மெதுவாக்கினார், அவ்வளவுதான். அதனால் அவன் முன்னால் அப்பா பேச்சை எடுக்கத் தயங்காதீர்கள்.

வகுப்பு வாத்தியாரையும் பாருங்கள். இந்த வயதில் சிநேகிதர்கள் விலகிப்போவது வெறுப்பால் இல்லை, என்ன பேசுவது என்று தெரியாததால்தான். எப்போதும்போல விளையாடக் கூப்பிடுங்கள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் பையன்கள் வந்துவிடுவார்கள். அவன் கிரிக்கெட் ஆடிச் சிரித்தால் "அப்பன் போயி மூணு மாசம் ஆகல" என்று யாரும் குத்திக்காட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நேரம் துக்கம், ஒரு நேரம் விளையாட்டு என்று மாறிமாறி இருப்பது இந்த வயதுக்கு இயல்பு.

அமெரிக்காவில் போர்ட்லேண்ட் நகரில் 1982-ல் தொடங்கிய டகி மையத்தில் (Dougy Center), பெற்றோரையோ கூடப்பிறந்தவரையோ இழந்த பிள்ளைகளை வயதுவாரியாகச் சேர்த்து உட்காரவைக்கிறார்கள், பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. நமக்கு அதற்கென்று கட்டடமெல்லாம் வேண்டாம். சின்ன வயதில் அப்பாவை இழந்து இப்போது காலேஜ் போகிற பையன் ஒருத்தன் உங்கள் ஊரிலேயே இருப்பான். அவனைத் தேடிப்பிடித்து அறிமுகம் செய்துவையுங்கள். நமக்குப் புரியாதது அவனுக்குப் புரியும்.

மூன்று மாத மௌனத்தை மட்டும் வைத்து நோய் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆறு மாதத்துக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்க்கையை முடக்கிப்போடும் துக்கத்தைத்தான் உலக சுகாதார நிறுவனம் தனிக் கோளாறாக வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் விட்டுப்போனாலோ, குடி, போதை என்று போனாலோ ஆறு மாதம் வரை காத்திருக்காதீர்கள். "நானும் அப்பாகிட்டயே போயிடறேன்" என்கிற மாதிரி பேச்சு வந்தால் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி நேரமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-க்குக் கூப்பிடுங்கள், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.