கெஸிபோ கேள்விகள்: துணி அப்புறம், கால் முதலில்

பொள்ளாச்சிப் பக்கம் முகாம்களுக்கும் விசேஷங்களுக்கும் கூடாரம் வாடகைக்கு விடுவது என் தொழில். கெஸிபோ பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன். நான் கெஸிபோ என்று சொல்வது, நாலு காலையும் பிடித்து இழுத்தால் குடை மாதிரி விரிந்து எழும்பும் மடக்குக் கூடாரத்தை. சில கடைகளில் கேனோபி டென்ட் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, குடும்பத்தில் பதினைந்து பேர். ஏற்காடு, வால்பாறை என்று போவோம், குலதெய்வம் கோயில் கிடா வெட்டுக்கும் எடுத்துப் போகணும். எந்த அளவு வாங்கலாம்?

பத்துக்குப் பத்து அடிதான் எல்லோரும் முதலில் வாங்குவது. அதில் நாற்காலி போட்டு வட்டமாக உட்கார்ந்தால் பத்துப் பன்னிரண்டு பேர் வசதியாக இருக்கலாம். நடுவில் சாப்பாட்டு மேஜை வந்துவிட்டால் எட்டுப் பேர்தான். பதினைந்து பேர் என்றால் பத்துக்கு இருபது வாங்கத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு கால், தூக்க ஆள் வேண்டும், ஒரு கால் வளைந்தால் மொத்தமும் முடங்கிவிடும். பத்துக்குப் பத்து இரண்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். மலைக்குப் போகும்போது ஒன்று போதும், கோயிலுக்கு இரண்டு. இரண்டுக்கும் நடுவில் மழைத்தண்ணீர் ஒழுகும், அதற்கு இணைப்புத் துணி தனியாகக் கிடைக்கிறது.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். விலை மலிவாகக் கிடைப்பவற்றில் பல சாய்ந்த கால் வகை. தரையில் அளந்தால் பத்துக்குப் பத்து இருக்கும், மேலே கூரை எட்டுக்கு எட்டுதான். அதாவது 100 சதுர அடி என்று காசு கொடுத்துவிட்டு 64 சதுர அடி நிழலில் உட்காருவீர்கள். அப்புறம், மடக்கினாலும் பத்தடி கெஸிபோ சுமார் ஐந்தடி நீளம் இருக்கும். பின் சீட்டை மடக்காமல் காரில் ஏறாது. பதினைந்து பேரும் ஏறிய வண்டியில் அதை எங்கே வைப்பது என்று வாங்குவதற்கு முன்பே யோசியுங்கள்.

மதுரையிலிருந்து: அண்ணே, கடைக்காரர் 600டி துணி, ஒரு சொட்டு இறங்காது என்கிறார். நம்பலாமா?

600டி என்பது நூலின் தடிமன். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் அந்தக் கணக்கு. கிழியாமல் உழைக்கும் என்பதற்கு அது சாட்சி, மழைக்கு அல்ல. மழையைத் தடுப்பது துணியின் உட்புறப் பூச்சு. அதற்கு மில்லிமீட்டரில் ஓர் எண் போட்டிருப்பார்கள். துணிமேல் அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் கசியாது என்று பொருள். கூடாரத் துணிக்கு 1500 மி.மீ. என்பதைப் பொதுவாகக் குறைந்தபட்சமாக வைப்பார்கள், நம் ஐப்பசி மழைக்கு 2000-க்கு மேல் கேளுங்கள்.

அந்த எண்ணும் இருந்து, தையல் ஓட்டைகளை உள்பக்கம் டேப் ஒட்டி அடைக்காவிட்டால், நாலு மூலையிலும் சொட்டும். துணியைத் திருப்பித் தையலைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: அண்ணாச்சி, இரும்பா அலுமினியமா?

எல்லோரும் துணி நிறத்துக்கு அரை மணி நேரம் செலவு செய்கிறார்கள், ஃபிரேமைத் தட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என்னிடம் பழுதுக்கு வருகிற கெஸிபோக்களில் பெரும்பாலும் துணி நன்றாகத்தான் இருக்கும். உடைந்திருப்பது கத்தரிக்கோல் வடிவில் குறுக்கே ஓடும் பட்டையோ, அதைக் காலோடு சேர்க்கும் பிளாஸ்டிக் மூட்டோதான். ஆகவே கடையில் விரித்து நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு காலைப் பிடித்து ஆட்டுங்கள். மூட்டு பிளாஸ்டிக்கா, உலோகமா? பட்டைகளை ரிவெட் அடித்திருக்கிறார்களா, போல்ட் நட்டா? போல்ட் என்றால் நாளைக்கு நாமே கழற்றி மாற்றலாம். உதிரிப் பட்டையும் மூட்டும் தனியாக விற்பார்களா என்று கேளுங்கள். ஆமாம் என்கிற கடையில் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

இரும்பு விலை குறைவு, கனமும் பலமும் இருக்கும், பெயின்ட் உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும். அலுமினியம் துருப்பிடிக்காது, ஆனால் மெல்லிய சதுரக் குழாய் அலுமினியம் முதல் காற்றிலேயே வளையும். அலுமினியம் வாங்கினால் 40 அல்லது 50 மி.மீ. அறுகோணக் காலாக வாங்குங்கள். கன்னியாகுமரி, தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்றுள்ள இடத்தில் இருப்பவர் அலுமினியத்துக்கே போகலாம். உள்ளூரில் வருடத்துக்கு நாலு தடவை விரிப்பவருக்கு நல்ல இரும்பு போதும்.

உடுமலையிலிருந்து: எங்கள் ஊர்க் காற்று உங்களுக்குத் தெரியும். ஆடி மாதத்தில் தோட்டத்தில் ஒரு விருந்து. கெஸிபோ தாங்குமா?

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று காற்றாலைக்காரர்களுக்கு வரம், நமக்கு வம்பு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் இருபது கிலோ கெஸிபோ எம்மாத்திரம்?

ஒரு கணக்குப் பாருங்கள். பத்தடிக் கெஸிபோவின் கூரை ஏறக்குறைய 9 சதுர மீட்டர். மணிக்கு 40 கி.மீ. காற்றின் அழுத்தம் அந்தப் பரப்பு முழுவதும் மேல்நோக்கி வேலை செய்தால், சுமார் 70 கிலோ எடையைத் தூக்குகிற விசை. அதே காற்று 60 கி.மீ. ஆனால் 155 கிலோவைத் தாண்டும். வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் விசை இரண்டேகால் மடங்கு கூடும். அசல் விசை கூரையின் சாய்வைப் பொறுத்து மாறும், ஆனால் கட்டுவதற்கு இந்தக் கணக்கை மனதில் வைத்தால் போதும்.

பெட்டியோடு வருகிற பென்சில் கனத்து முளைகளை ஓரமாக வைத்துவிடுங்கள். கொல்லரிடம் சொல்லி ஓரடிக்கு மேல், முடிந்தால் ஒன்றரை அடி நீளத்தில் கம்பி முளை அடித்து வாங்குங்கள். காலடித் தகட்டில் ஒரு முளை, கூரை மூலையிலிருந்து 45 டிகிரி சாய்வில் வெளியே இழுத்துக் கட்டிய கயிற்றுக்கு இன்னொரு முளை. அந்த மூலைக் கயிறுதான் உண்மையில் காப்பாற்றுவது. செம்மண்ணில் முளை நன்றாகப் பிடிக்கும். கரிசலில் காய்ந்திருக்கும்போது வெடிப்பு பார்த்து அடிக்க வேண்டும், நனைந்துவிட்டால் வெண்ணெயிலிருந்து வருவது போல் கையோடு வரும், அங்கே எடைதான் வழி.

பக்கத் துணியைக் காற்று வருகிற பக்கம் மட்டும் இறக்கிவிடலாம் என்று தோன்றும். அது பாய்மரமாகிவிடும். மூன்று பக்கம் மூடி, காற்று வரும் பக்கத்தைத் திறந்துவைப்பது அதைவிட மோசம். உள்ளே புகுந்த காற்றுக்கு வெளியேற வழியில்லாமல் கூரையோடு கிளப்பும். வானிலை அறிவிப்பில் ‘பலத்த தரைக்காற்று மணிக்கு 40 கி.மீ.’ என்று வந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் மடக்கிவிடுங்கள். ஆடியில் உடுமலைத் தோட்டம் என்றால் நான் கெஸிபோ வாடகைக்கே தரமாட்டேன். பந்தல்காரரைக் கூப்பிட்டுக் குழி தோண்டிக் கால் நட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போடுங்கள்.

சென்னையிலிருந்து: சார், மொட்டை மாடியில் பிறந்தநாள். முளை அடிக்க முடியாதே?

மாடித் தளத்தில் ஓட்டை போடாதீர்கள், அடுத்த மழைக்கு வீட்டுக்குள் ஒழுகும். இருபது லிட்டர் வாட்டர் கேன் ஒன்று நிரம்பினால் 20 கிலோ. ஒரு காலுக்கு இரண்டு வீதம் எட்டுக் கேன், 160 கிலோ. கேனைத் தரையில் உட்காரவைத்து, கழுத்திலிருந்து கயிற்றைக் கூரை மூலை ஃபிரேமுக்கு இறுக்கிக் கட்டுங்கள். அந்தரத்தில் தொங்கவிட்டால் ஆடி ஆடி அதுவே காலை வளைக்கும். விருந்தாளிகள் அந்தக் கேனிலேயே தண்ணீர் பிடித்துக் குடித்துக் காலி செய்யாமல் ஒருவர் பார்த்துக்கொள்ளட்டும், இது நடக்கிற விஷயம்தான். மாடியில் தெருவைவிடக் காற்று அதிகம். கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்தாமல் நடுவில் நிறுத்துங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து: கடற்கரை மணலில்?

முளை நிற்காது. நாலு சாக்கில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கயிறு கட்டி, இரண்டடி ஆழத்தில் புதைத்து மூடி மிதியுங்கள். கயிற்றின் மறுமுனை கூரை மூலைக்கு. வீட்டுக்கு வந்ததும் ஃபிரேமை நல்ல தண்ணீரில் கழுவுங்கள், மூட்டில் மணல் இருந்தால் அடுத்த முறை விரியாது.

லண்டனிலிருந்து: வணக்கம் அண்ணா. சமரில வீட்டுக்குப் பின்னால ஆட்களைக் கூப்பிட்டு பார்பிகியூ போடுறனாங்கள். மழை வந்தால் கெஸிபோவுக்குள்ளேயே அடுப்பை வைக்கலாமோ? குளிருக்குப் பக்கத் துணியையும் இறக்கிவிடுவம்.

வைக்கவே கூடாது. மற்ற கேள்விகளில் ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்பேன், இதில் அந்தப் பேச்சே கிடையாது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து ஆளையே முடித்துவிடும். தணல் அணைந்தது போலத் தெரிந்த பிறகும் வந்துகொண்டே இருக்கும், ஆகவே மிச்சத் தணலைக் குளிர்காய உள்ளே கொண்டுவருவதும் ஆபத்து. அடுப்பைத் திறந்த வெளியில் வையுங்கள், ஆட்கள் கெஸிபோவுக்குள் இருக்கட்டும். சுடுகிறவர் மட்டும் குடை பிடித்துக்கொள்ளலாம்.

சில துணிகளில் சிபிஏஐ-84 என்று போட்டிருக்கும். அது அமெரிக்கத் தீத்தடுப்புத் தரம். துணி எரியவே எரியாது என்று அதற்குப் பொருளில்லை, தீயை விலக்கினால் சீக்கிரம் அணைந்துவிடும், அவ்வளவுதான்.

கேஸ் அடுப்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தேங்கும். அடுப்பு இருக்கும் கெஸிபோவுக்குப் பக்கத் துணி வேண்டாம். கிடா வெட்டுக்கு விறகு அடுப்பு என்றால் தள்ளி வெட்டவெளியில்தான், ஒரு பொறி பறந்தாலே பாலியெஸ்டரில் ஓட்டை விழும்.

தஞ்சாவூரிலிருந்து: மழையில் கூரையில் தண்ணீர் தொட்டி கட்டி, ஃபிரேம் வளைந்துவிட்டது. துணி மட்டமா?

துணி மேல் தப்பில்லை, தொய்வு மேல்தான். 10 மி.மீ. மழை பெய்தால் பத்தடிக் கூரையில் விழுவது 90 லிட்டர். வழிந்து ஓடும்வரை பிரச்சினையில்லை, ஒரு பக்கம் முப்பது லிட்டர் தேங்கினால் அந்தப் பட்டைக்கு முப்பது கிலோ. விரித்ததும் மூலையிலுள்ள ஒட்டுப்பட்டைகளை நன்றாக இழுத்து ஒட்டுங்கள், கால்களைக் கடைசிப் படிவரை ஏற்றுங்கள். மழை வரும்போல இருந்தால் ஒரு பக்கத்து இரண்டு கால்களை மட்டும் ஒரு படி இறக்கிவிடுங்கள், தண்ணீர் அந்தப் பக்கமாக ஓடிவிடும். தேங்கிவிட்டால் துடைப்பத்தின் பூப்பக்கத்தால் மெல்லத் தள்ளுங்கள், கம்புமுனையால் குத்தாதீர்கள்.

பெங்களூரிலிருந்து: கொடைக்கானல் மன்னவனூர்ப் பக்கம் நண்பர்களோடு முகாம். தூங்குவதற்கும் கெஸிபோவே போதுமா?

போதாது. கெஸிபோ என்பது சமையலுக்கும் அரட்டைக்கும் கூரை. டிசம்பர், ஜனவரிக் குளிருக்குத் தரையோடு மூடிய டென்ட் தனியாக வேண்டும். வண்டி போகிற இடமா என்பதுதான் உண்மையான கேள்வி. நடந்து ஏற வேண்டுமென்றால் கெஸிபோவை மறந்துவிட்டு, ஒரு தார்ப்பாயும் இருபது மீட்டர் நைலான் கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு மரம் கிடைத்தால் கூரை தயார். இடம் தனியார் பட்டா நிலமா, உரிமையாளர் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ நடந்த பிறகு வனத்துறை இதில் கறார். காட்டுக்குள் நம் இஷ்டத்துக்குக் கூடாரம் போட முடியாது.

ராத்திரி எல்லோரும் தூங்கப் போகும்போது கெஸிபோவின் கால்களைப் பாதிக்கு இறக்கிவிடுங்கள். நடுராத்திரிக் காற்றில் துரத்திக்கொண்டு ஓட வேண்டியிருக்காது.

ஈரோட்டிலிருந்து: இடி மின்னல் வந்தால் உள்ளே நிற்கலாமா?

கூடாது. முதல் இடிச் சத்தம் கேட்டதும் கட்டடத்துக்குள் அல்லது கண்ணாடி ஏற்றிய காருக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்து வெளியே வரலாம்.

கடலூரிலிருந்து: ஒரு வருடம் மூட்டை கட்டி வைத்திருந்தோம். துணி பிசுபிசுவென்று ஒட்டுகிறது, நாற்றமும் அடிக்கிறது.

உட்புறப் பூச்சு சிதைந்துவிட்டது. ஈரப்பதமும் சூடும் சேர்ந்தால் பியூ (பாலியூரித்தேன் என்கிற பிளாஸ்டிக்) பூச்சுக்கு இதுதான் கதி, திரும்ப வராது. துணி மட்டும் தனியாகக் கிடைக்கும், ஃபிரேமை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த துணியை வாஷிங் மெஷினில் போடாமல், சோப்புத்தூளும் இல்லாமல், வெறும் தண்ணீரில் துடைத்து, நிழலில் முழுதாகக் காயவைத்து, பரணில் வெயில் சூடு ஏறாத மூலையில் வையுங்கள்.

சேலத்திலிருந்து: நிறம் எது? வாடகையா, சொந்தமா?

வெயிலுக்கு வெளிர் நிறம், அல்லது உள்பக்கம் வெள்ளிப் பூச்சுள்ளது. யுபிஎஃப் 50 என்று போட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். கறுப்பு போட்டோவில் அழகாக இருக்கும், சித்திரை மதியம் அதன் கீழே உட்கார்ந்து பாருங்கள். வருடத்துக்கு ஒரு விசேஷம் என்றால் வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது நாலு முளையும் கயிறும் சேர்த்துத் தருகிறாரா என்று கேட்டு, எண்ணி வாங்குங்கள், திருப்பித் தரும்போது அவரும் எண்ணுவார்.