67 வயதில் நாயனம்: நிறுத்துவதா, மாற்றிக்கொள்வதா?

கொடைக்கானல் மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"அப்பாவுக்கு 67 வயது. 45 வருஷமாக நாயனம் (நாதஸ்வரம்) வாசிக்கிறார். மேல்மலை, கீழ்மலை ஊர்களில் கோயில் திருவிழா, கல்யாணம் என்று வருஷம் முழுக்க வேலை இருக்கும். போன தை மாதம் சாமி புறப்பாட்டில், ஏற்றத்தில் வாசித்துக்கொண்டே நடந்தபோது மூச்சு முட்டிவிட்டது. நாயனத்தை அப்படியே நிறுத்திவிட்டு ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டாம் நாயனம் வாசிக்கும் என் தம்பிதான் மீதி ஊர்வலத்தை முடித்தான். அம்மா 'போதும், விட்டுடுங்க' என்கிறார். அப்பா காதில் போட்டுக்கொள்வதில்லை. நாங்கள் பிடிவாதமாக நிறுத்தச் சொல்லலாமா?"

பிடிவாதமாக நிறுத்தச் சொல்ல வேண்டாம். ஆனால் ஊர்வலத்தில் வாசிப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றல்ல. நாயனக்காரரின் வேலை என்பது ஒரே வேலை இல்லை. ஊர்வலம், முகூர்த்தம், உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரி, சாயரட்சை (மாலை பூஜை), பாடம் சொல்லிக்கொடுப்பது என்று ஐந்தாறு வேலைகள் அதற்குள் இருக்கின்றன. உடம்பு இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் கைவிடுவதில்லை. முதலில் கைவிடுவது நடந்துகொண்டே வாசிப்பதைத்தான்.

காரணம் கணக்கிலேயே தெரியும். இளவயதைக் கடந்தபின் நுரையீரல் ஒரே மூச்சில் வேகமாக ஊதித் தள்ளும் காற்று வருஷத்துக்கு ஏறக்குறைய 25 முதல் 30 மில்லி வீதம் குறைகிறது. 40 வருஷத்தில் ஒரு லிட்டருக்கு மேல் போய்விடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கைவிடச் சற்றுக் குறைவு, ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவே. இதோடு ஏற்றம், தை மாதக் குளிர், வெடிப்புகை, ஜெனரேட்டர் புகை. முப்பது வயதில் இத்தனையையும் தாங்கிய உடம்புதான், இப்போது தாங்காது.

அதற்காக "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுவிடக் கூடாது. ஏற்றத்தில் மூச்சு முட்டுவது இதயக் கோளாறின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். முதல் வேலை மருத்துவர். கீழே இறங்கி திண்டுக்கல்லிலோ மதுரையிலோ இசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), ஸ்பைரோமெட்ரி (நுரையீரல் ஊதும் திறனை அளக்கும் சோதனை) மூன்றும் எடுங்கள். ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டியது மலைமேல், ஏற்றத்தில், ஊதிக்கொண்டு நடக்கும்போது என்பதை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். சமவெளியில் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தால் ஆக்சிஜன் அளவு நன்றாகவே காட்டும், அதை நம்பி ஊர் திரும்பிவிடக் கூடாது. அப்பா வாசிக்கும் வீடியோ ஒன்றைப் போனில் எடுத்துப்போய்க் காட்டுங்கள். கழுத்து நரம்பு புடைப்பதைப் பார்த்தால் நாயனம் எவ்வளவு அழுத்தம் கேட்கும் வாத்தியம் என்று மருத்துவருக்குப் புரிந்துவிடும்.

இன்னும் இரண்டு பரிசோதனைகளை யாரும் நினைப்பதில்லை. ஒன்று, கண் அழுத்தம். எதிர்ப்பு அதிகமுள்ள வாத்தியத்தை ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், கிளாகோமா (கண் அழுத்த நோய்) இருப்பவருக்கு அது பார்வையைத் தின்னும். கண்புரை அறுவை செய்திருந்தால், மறுபடி ஊதத் தொடங்கும் நாளைக் கண் மருத்துவரே சொல்ல வேண்டும். மற்றொன்று, குடலிறக்கம். இடுப்புக்குக் கீழே வீக்கம் இருந்து கூச்சத்தால் மறைக்கிறாரா என்று தம்பியை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

வாசிக்கும்போது நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிரிலும் வியர்வை, கண் இருட்டல், இதில் ஒன்று வந்தாலும் கெட்டிமேளத்துக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. உடனே 108.

பரிசோதனை எல்லாம் சரியாக வந்து மருத்துவரும் வாசிக்கலாம் என்றால், அடுத்தது நாயனத்தைப் பார்க்க வேண்டும். வாய்ப்பாட்டுக்காரருக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. வயதானால் சுருதியை அரைக் கட்டை (கட்டை என்பது சுருதியின் அளவு) இறக்கிக்கொள்வார். செம்மங்குடி சீனிவாசய்யர் 90ஐ ஒட்டிய வயதிலும் பாடினார். நாயனத்தில் சுருதி மரத்தில் துளைத்தே வந்துவிடுகிறது, நினைத்தபோது இறக்க முடியாது. மாற்றக்கூடியது சீவாளி, அதாவது வாயில் வைத்து ஊதும் நாணல் பகுதி.

வயதானவர்கள் செய்யும் பெரிய தவறு, நாற்பது வயதில் வாசித்த அதே கெட்டி சீவாளியைப் பிடித்துக்கொண்டிருப்பது. கெட்டி சீவாளி பேச அதிக அழுத்தம் வேண்டும். உதடு சீக்கிரம் தளரும், மேல் ஷட்ஜம் (மேல் ஸா) நிற்காமல் இறங்கும், அதைத் தூக்க இன்னும் பலமாக ஊதுவார், மூச்சு முட்டும். சீவாளி கட்டுபவரிடம் இரண்டு படி இளசாகக் கட்டித்தரச் சொல்லுங்கள். ரொம்ப இளசாகிவிட்டால் மேல் ஸ்தாயியில் வாய் மூடிக்கொண்டு அடைத்த சத்தம் வரும், அப்போது அரைப் படி ஏற்றிக்கொள்ளலாம். புதுச் சீவாளியை நேராக முகூர்த்தத்துக்கு எடுத்துப்போகாமல், ஒரு வாரமாவது வீட்டில் தினம் கொஞ்சம் ஊதிப் பழக்க வேண்டும். மலைக் காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால் கையில் நான்கைந்து இருக்கட்டும். திமிரி என்ற குட்டை நாயனம் வாசிப்பவராக இருந்தால், சுகமாக இருக்கும் என்று இந்த வயதில் பாரி என்ற நீள நாயனத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டாம். பாரி நீளம், துளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். 45 வருஷம் பழகிய விரல் தடுமாறும்.

மேல்மலைக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. குளிரில் நாயனத்தின் சுருதி இறங்கும், ஆனால் எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி இறங்காது. குழலுக்குள் காற்றின் சூடு 15 டிகிரி குறைந்தால், கணக்குப்படி அரைக் கட்டையில் கிட்டத்தட்டப் பாதி இறங்க வேண்டும். ஊதும் மூச்சு சூடு என்பதால் நடைமுறையில் அவ்வளவு இறங்காது, ஆனால் காதுக்குத் தெரியும். பெட்டியோடு சேர அவர் சீவாளியை இறுக்கிக் கடித்து ஊதுவார், அரை மணியில் உதடு போய்விடும். செய்ய வேண்டியது இதுதான்: வாசிப்பதற்கு 20 நிமிஷம் முன்பே நாயனத்தைத் துணி உறையோடு சால்வைக்குள் வைத்துக்கொள்ளட்டும். கணப்புப் பக்கம் கொண்டுபோகக் கூடாது, ஒருபக்கச் சூட்டில் மரம் வெடிக்கும். நாலைந்து நிமிஷம் மெதுவாக ஊதியபின் பெட்டியின் நுண்சுருதித் திருகைத் திருப்பி நாயனத்தோடு சேர்க்க வேண்டும். பெட்டிதான் அவருக்கு இறங்கி வர வேண்டும். தவில் சத்தத்தில் ஒரு காது மந்தமாகியிருந்தால், பெட்டியை நல்ல காதுப் பக்கம் வையுங்கள். சுருதி கேட்காதவர் தன்னை அறியாமல் ஓங்கி ஊதுவார்.

மூச்சு வாங்குவதிலும் ஒரு திருத்தம் உண்டு. சீவாளியின் சின்ன வாய் வழியாகக் காற்று முழுக்க வெளியேறுவதில்லை, பழைய காற்று நெஞ்சிலேயே தங்கும். அதன்மேல் புதுக் காற்றை இழுத்தால் நெஞ்சு நிறைந்திருந்தும் மூச்சு முட்டும். ஒரு சங்கதி (பாட்டு வரியை மாற்றி மாற்றி வாசிப்பதில் ஒரு துண்டு) முடிந்ததும் முதலில் மிச்சக் காற்றை வெளியே விட்டு, பிறகு இழுக்கட்டும். இதற்கு அரை ஆவர்த்தனம் (தாளச் சுற்றில் பாதி) தேவைப்படும், அந்த இடத்தைத் தம்பியின் நாயனம் நிரப்ப வேண்டும். மேல் ஸ்தாயிச் சங்கதிகளும் வேகமான பிருகாக்களும் தம்பிக்கு, மத்ய (நடு) ஸ்தாயி ஆலாபனை அப்பாவுக்கு என்று பிரித்துக்கொண்டால் கேட்பவர்களுக்குக் குறை தெரியாது. உண்மையில் நிதானமான அந்த ஆலாபனையில்தான் வயது பேசும். புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியைக் கோயில் வாசலில் அப்பா எடுத்துக்கொடுக்கட்டும், சாமி தெருவுக்குள் இறங்கியதும் தம்பி வாங்கிக்கொள்ளட்டும். அப்பா வண்டியில் ஏறி, ஊர்வலம் முடியும் நிலைக்கு வந்து சேர்ந்தால் போதும்.

சாதகம் (பயிற்சி) 20 நிமிஷமாக இரண்டு வேளை, வெயில் ஏறியபிறகு. முன்பல் விழுந்தால் உதட்டுக்குப் பிடிமானம் போய்விடும். பல்செட் கட்டும்போது சீவாளியை எடுத்துப்போய், உதட்டில் வைத்துப் பார்த்து அளவு சரிசெய்யச் சொல்லுங்கள். பல்செட்டால் வாசிப்பை விடும்படி ஆவதற்கு அளவுக் கோளாறும் ஒரு காரணம்.

அச்சாரம் வாங்கும்போதே பேச வேண்டியவை: எத்தனை மணி நேரம், ஊர்வலத்தில் யார் வாசிப்பது, கூடுதல் நாயனத்துக்குப் பங்கு எவ்வளவு. முதலில் சொல்லாமல் அன்றைக்கு மாற்றினால்தான் "பெரியவர் வரலையா" என்று பேச்சு கிளம்பும். வருமானம் குறைவது உங்கள் கவலையானால், தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் நலிந்த கலைஞர்களுக்கு மாதாந்திர நிதியுதவி தருகிறது. வயதுச் சான்று, வருமானச் சான்று, பழைய திருவிழா நோட்டீஸ்கள், கோயிலில் வாசித்ததற்கான கடிதம் ஆகியவற்றை இப்போதே சேர்க்கத் தொடங்குங்கள். மேடையை விட்டபின் தேடினால் நோட்டீஸ் கிடைக்காது.

முழுவதுமாக நிறுத்தும் நாளும் ஒருநாள் வரும். எம்.எஸ். சுப்புலட்சுமி 1997ல் கணவர் மறைந்தபின் மேடையேறவில்லை. எஸ். ஜானகி 2016ல் தானே ஓய்வை அறிவித்தார். அவரவர் முடிவாக இருந்ததுதான் அங்கே அழகு. அப்பாவும் தானே முடிவெடுக்க ஒரு வழி: ஒரே கீர்த்தனையை மூன்று வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், சுருதிப்பெட்டியோடு போனில் பதிவு செய்யுங்கள். மூன்று பதிவு சேர்ந்ததும் அவரிடம் கொடுத்துவிட்டு நீங்கள் எழுந்துபோய்விடுங்கள். மேல் ஷட்ஜம் நிற்கிறதா, பல்லவி நடுவில் மூச்சு உடைகிறதா, தாளத்தில் இடம் தவறுகிறதா என்று உங்களைவிட அவர் காது கறாராகச் சொல்லும். கைவிரல் வேகம் குறைவது நிறுத்தக் காரணமில்லை. தெரிந்த சங்கதி மறந்து தாளம் விட்டுப்போவது இரண்டு மூன்று முறை தொடர்ந்தால், அது நிறுத்தக் காரணம். அதற்கு நரம்பியல் மருத்துவரையும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்பே தொடங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர்ப் புறப்பாட்டில் எந்தத் தெருவில் என்ன ராகம், எந்த முக்கில் சாமி நிற்கும், அங்கே என்ன வாசிப்பது, தீபாராதனைக்கு எங்கே நிறுத்துவது, இந்த வரிசை எந்தப் புத்தகத்திலும் இல்லை, அப்பாவின் தலைக்குள்தான் இருக்கிறது. தம்பியை ஒரு நோட்டோடும் போனோடும் உட்கார வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தெரு, 20 நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். அப்பா சொல்லட்டும், ஊதிக் காட்டட்டும், தம்பி திருப்பி வாசிக்கட்டும். இப்போது தொடங்கினால் வரும் தைக்குள் முடித்துவிடலாம்.