வீட்டுக்கு டியூப் ஆம்ப்: 5 வாட்டா, 15 வாட்டா?

கேள்வி: மூன்று வருடமாக எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். கையில் இருப்பது ஒரு சின்ன டிரான்சிஸ்டர் பிராக்டிஸ் ஆம்ப். எனக்குப் பிடித்தது ப்ளூஸும் எழுபதுகளின் ராக்கும். அந்தச் சத்தத்துக்காக, டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்களால் சத்தத்தைப் பெருக்கும் டியூப் ஆம்ப் ஒன்று வாங்க நினைக்கிறேன். குடியிருப்பது ஃபிளாட்டில்; வாசிக்க நேரம் கிடைப்பது குழந்தை தூங்கிய பிறகுதான். ஒரு 15 வாட் ஆம்ப் மிகவும் பிடித்திருக்கிறது. நண்பர்களோ, “வீட்டுக்கு 5 வாட்டே அதிகம், 1 வாட் வாங்கு” என்கிறார்கள். எதை வாங்குவது? சத்தத்தை அடக்கும் அட்டெனுவேட்டர் வேண்டுமா? டியூப்களை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்குமா?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான், 5 வாட் வீட்டுக்கு அதிகம். ஆனால் 1 வாட்டும் அதிகம் என்பதை அவர்கள் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் கேள்வியே மாறிவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். கிட்டார் ஸ்பீக்கர்கள் கொஞ்சம் சக்தியிலேயே நிறையச் சத்தம் தரும்படி செய்யப்பட்டவை. நல்ல 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால், பெரும்பாலும் 97 முதல் 100 டெசிபல் வரை காட்டும். 97 என்றே வைத்துக்கொள்வோம். சக்தி பத்து மடங்கானால் சத்தம் 10 டெசிபல் கூடும். காதுக்கு அது ஏறக்குறைய இரண்டு மடங்காகத்தான் தெரியும். இந்தக் கணக்கில் 5 வாட் ஆம்ப் 104 டெசிபலும், 15 வாட் ஆம்ப் 109 டெசிபலும் தரும். நீங்கள் தயங்கிக்கொண்டிருக்கும் அந்த 5-க்கும் 15-க்கும் நடுவே இருப்பது வெறும் 5 டெசிபல். வித்தியாசம் தெரியும், ஆனால் ஊரைக் கூட்டுகிற வித்தியாசம் இல்லை.

இப்போது அதே கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். பகலில், வீட்டில் இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ளும் அளவு 77 டெசிபல் என்று கொள்ளுங்கள். 97-இலிருந்து 20 டெசிபல் கீழே. அதற்கு ஸ்பீக்கருக்குப் போகும் சக்தி ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு. ராத்திரி குழந்தை தூங்கும்போது 67 டெசிபல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு. 1 வாட் ஆம்ப்பாக இருந்தாலும் 15 வாட் ஆம்ப்பாக இருந்தாலும் அந்த நேரத்தில் நீங்கள் பயன்படுத்துவது இவ்வளவுதான். பெட்டியின் மேல் எழுதியிருக்கும் எண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை செய்யும் இடங்களில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரத்தைப் பாதியாக்கச் சொல்கிறது. 97 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது அரை மணி நேரம். “பெட்ரூம் ஆம்ப்” என்று விற்கப்படும் 1 வாட் ஆம்ப்பை முழுதாகத் திறந்துவிட்டு ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நீங்கள் இருப்பது அங்கேதான்.

சரி, அப்படியானால் டியூப் ஆம்ப்பின் அந்த ருசி எங்கிருந்து வருகிறது? பல இடங்களிலிருந்து. கிட்டாரிலிருந்து வரும் சன்னமான சிக்னலை முதலில் பெரிதாக்குவது பிரீஆம்ப் டியூப்கள், பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7. அப்புறம் ஸ்பீக்கரைத் தள்ளுவதற்கு இஎல்84, 6வி6 மாதிரியான பவர் டியூப்கள். அவற்றுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர். கடைசியில் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு. எழுபதுகளின் ராக்கில் நீங்கள் கேட்பது இவை எல்லாமே ஒன்றாகத் திணறும் சத்தம். அதற்கு ஆம்ப் முழு மூச்சில் ஓட வேண்டும். ஆயிரத்தில் ஒரு வாட்டில் பவர் டியூப் திணறாது, கண்ணைக்கூடத் திறக்காது. ஸ்பீக்கரும் அப்படித்தான்.

ஆகவே வீட்டில் உங்களுக்குக் கிடைக்கப்போவது பிரீஆம்ப் டியூப்பின் டிஸ்டார்ஷன், அல்லது முன்னால் வைக்கும் பெடலின் டிஸ்டார்ஷன். இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். பிரீஆம்ப் மட்டும் திணறும் சத்தமும் நல்ல சத்தம்தான். விரலை லேசாக்கினால் தெளிவாவதும், அழுத்தினால் உறுமுவதும் அதிலும் உண்டு. வாங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான்: சத்தத்தைக் குறைத்தபின்னும் அந்த ஆம்ப் நன்றாக ஒலிக்கிறதா? அதை முடிவு செய்வது பெரும்பாலும் மாஸ்டர் வால்யூம்.

கெயின், மாஸ்டர் என்று இரண்டு குமிழ் இருந்தால் முதலாவதைக் கூட்டி பிரீஆம்ப்பைத் திணற வைக்கலாம், இரண்டாவதைக் குறைத்து வீட்டை அமைதியாக வைக்கலாம். பழைய ஃபெண்டர் சாம்ப் வகை ஆம்ப்களில் ஒரே ஒரு 6வி6, 8 அங்குல ஸ்பீக்கர், சுமார் 5 வாட். மாஸ்டர் கிடையாது. வால்யூம் குமிழைத் திறந்தால்தான் ஓவர்டிரைவ், அதாவது அந்தத் திணறல், வரும். அதற்குள் கதவைத் தட்டுகிற ஓசையும் வந்துவிடும். கிளீனாக வாசித்து, டிஸ்டார்ஷனுக்குப் பெடல் வைத்துக்கொள்கிறவர்களுக்கு அது அழகான ஆம்ப். உங்கள் தேவைக்கு அது பொருந்தாது.

நான் முதலில் வாங்கியது அந்த மாதிரி மாஸ்டர் இல்லாத ஒன்று, 15 வாட். குமிழ் 1 வரை ஒன்றுமே கேட்காது. 1-ஐத் தாண்டி ஒரு மயிரிழை நகர்த்தினால் சுவரில் மாட்டியிருந்த படத்தின் கண்ணாடி கீழ் இ கம்பிக்குக் கூடவே பாடும். இரும்புப் பெட்டியைத் திறக்கும் திருடன் மாதிரி தினமும் அந்தக் குமிழோடு மல்லுக்கட்டினேன். போதாததற்கு, இத்தகைய ஆம்ப்கள் பலவற்றில் வால்யூம் குமிழின் குறுக்கே ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். குமிழ் கீழே இருக்கும்போது உச்சஸ்தாயி மட்டும் அதன் வழியாகத் தாண்டிப் போய்விடும், சத்தம் ஊசி போலக் குத்தும். கடைசியில் முதல் பிரீஆம்ப் டியூப்பைக் கழற்றி 12ஏடி7 போட்டேன். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கல் எண் 100, இதற்கு 60. இரண்டும் ஒரே சாக்கெட்டில் உட்காரும். குமிழுக்கு நடமாடக் கொஞ்சம் இடம் கிடைத்தது. ஆனாலும் அது ஒட்டு வேலைதான்; வாங்கும்போதே யோசித்திருந்தால் தேவைப்பட்டிருக்காது.

வாட்டைக் குறைக்கும் சுவிட்சை நம்பி வாங்குகிறவர்களும் உண்டு. 15-ஐ 7 ஆக்கினால் குறைவது 3 டெசிபல் சொச்சம். அதற்காக ராத்திரியில் வாசிக்க முடியாது. பத்தில் ஒன்றாக்கும் சுவிட்ச்தான் ஓரளவு பயன்படும். மார்ஷலின் டிஎஸ்எல் வரிசையில் 5 வாட்டை அரை வாட்டாகவும் 1 வாட்டை 0.1 வாட்டாகவும் குறைக்கும் மாடல்கள் இருக்கின்றன. அப்போதும் குறைவது 10 டெசிபல். உங்களுக்குத் தேவை 30. மீதியை மாஸ்டர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அட்டெனுவேட்டரும் இதே கதைதான். ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே உட்கார்ந்து, சக்தியில் பெரும்பகுதியை வெப்பமாக்கிவிடும். 6 அல்லது 8 டெசிபல் குறைக்க நல்ல கருவி. மேடையில் கொஞ்சம் அடக்கி வாசிக்க அதைவிட நல்லது இல்லை. 30 டெசிபல் குறைத்தால் சத்தத்தில் உயிர் போய், போர்வைக்குள் இருந்து வருவது போல் இருக்கும். இதில் பாதிக் குற்றம் நம் காதினுடையது. சத்தம் குறையக் குறைய அடிஸ்தாயியும் உச்சஸ்தாயியும் காதுக்கு மங்கிப்போகும் என்று ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். மேலும், பவர் டியூப்கள் முழு மூச்சில் ஓடுவதால் தேய்மானமும் முழுதாக இருக்கும். ஏற்கெனவே கையில் இருக்கும் ஆம்ப்பைக் காப்பாற்ற அட்டெனுவேட்டர் வாங்கலாம். ஆம்ப்பை வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்க வேண்டியிருக்கிறது என்றால் நீங்கள் தப்பான ஆம்ப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

காது இப்படி ஏமாற்றுவதால்தான் ஸ்பீக்கரின் அளவுக்கு நான் வாட்டைவிட அதிக மதிப்பெண் கொடுப்பேன். 8 அங்குல ஸ்பீக்கரும் சின்னப் பெட்டியும் சேர்ந்தால், குறைந்த சத்தத்தில் டப்பாவுக்குள் வாசிப்பது போலத்தான் இருக்கும். அதே 1 வாட் ஆம்ப்பை ஹெட்டாக (ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப்) எடுத்து, 12 அங்குல கேபினட்டில் (தனி ஸ்பீக்கர் பெட்டி) இணைத்துக் கேளுங்கள், ஆம்ப்பே வேறாகிவிடும். இடம் இருந்தால் 12, இல்லாவிட்டால் 10. அதற்குக் கீழே போக நான் சொல்ல மாட்டேன்.

எஃபெக்ட்ஸ் லூப் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் நடுவே உள்ள வாசல் அது. அங்கே ஒரு வால்யூம் பெடலோ ஈக்வலைசர் பெடலோ வைத்தால் இரண்டாவது மாஸ்டர் கிடைத்தது போல. மாஸ்டர் குமிழ் கீழ்க்கோடியில் கரகரக்கும் ஆம்ப்களில் அதை மேலே ஏற்றிவிட்டு, குறைப்பதைப் பெடலில் செய்யலாம். எல்லா ஆம்ப்பிலும் லூப் இருக்காது. ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் 15 வாட், இரண்டு இஎல்84, 12 அங்குல ஸ்பீக்கர், மாஸ்டரும் உண்டு. லூப் மட்டும் கிடையாது. 2006-இல் வந்த ஆரஞ்ச் டைனி டெரரின் முதல் வடிவமும் அப்படியே.

ஆகவே என் பதில்: பிடித்திருக்கும் அந்த 15 வாட் ஆம்ப்பில் மாஸ்டர் வால்யூம் இருந்தால், எண்ணைப் பார்த்துப் பயந்து அதை விட்டுவிடாதீர்கள். நாளைக்கே ஒரு டிரம்மரோடு வாசிக்க வேண்டி வந்தாலும் 15 வாட் சமாளிக்கும், 1 வாட் சமாளிக்காது. ஆனால் வாங்குமுன் ஒரு சோதனை. ஆம்ப்பை எல்லோரும் சத்தமாக வைத்துத்தான் சோதிப்பார்கள்; சத்தமாக வைத்தால் எந்த டியூப் ஆம்ப்பும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் மாஸ்டரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் சாதாரணக் குரலில் பேச முடிகிற இடத்தில் நிறுத்துங்கள். அங்கே ஒரு இ மேஜர், அப்புறம் தனிக் கம்பியில் ஒரு பெண்ட். சுருதி நின்று ஒலிக்கிறதா, குளவிக்கூடு மாதிரி ரீங்கரித்துவிட்டுச் சாகிறதா? குமிழை இன்னும் துளி நகர்த்தினால் சீராகக் குறைகிறதா, சட்டென்று அணைகிறதா? கிட்டாரின் வால்யூமைப் பாதியாக்கினால் கிளீன் ஆகிறதா? இந்த மூன்றிலும் தேறினால் வாங்கலாம். தேறாவிட்டால் 1 வாட் ஆனாலும் வேண்டாம்.

உண்மையிலேயே நடுராத்திரிதான் உங்கள் நேரம், ஹெட்போன்தான் வழி என்றால், ஸ்பீக்கர் சத்தத்தைப் போலிசெய்து தரும் ஹெட்போன் அவுட் உள்ள டியூப் ஆம்ப்களைப் பாருங்கள். பிளாக்ஸ்டார் எச்டி-1 அப்படிப்பட்ட 1 வாட் ஆம்ப். இல்லாவிட்டால், டியூப் சத்தத்தை டிஜிட்டலாகப் போலிசெய்யும் ஒரு நல்ல மாடலிங் ஆம்ப்பே போதும். டியூப் பிரியனான நான் இதைச் சொல்வது எனக்கே கசக்கிறது, ஆனால் ஹெட்போனில் மட்டுமே வாசிப்பவருக்கு இத்தனை கனமும் சூடும் எதற்கு? ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள்: அமைதி வேண்டும் என்று ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு டியூப் ஆம்ப்பை ஓட்டக் கூடாது. சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். ஹெட்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிளையும் போடாதீர்கள், அதற்கென்று தடித்த ஸ்பீக்கர் கேபிள் இருக்கிறது. ஆம்ப்பிலும் ஸ்பீக்கரிலும் எழுதியிருக்கும் ஓம் (மின்தடை) கணக்கு பொருந்த வேண்டும்.

பழையது வாங்குவதானால் முதலில் பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். 120 வோல்ட் ஆம்ப்பை 230 வோல்ட்டில் செருகினால் அதோடு கதை முடிந்தது. பத்து நிமிடம் ஓடவிட்டு டியூப்களைப் பாருங்கள். உள்ளே இழை ஆரஞ்சாக ஒளிர்வதும், கண்ணாடி ஓரத்தில் லேசான நீலம் தெரிவதும் இயல்பு. சாம்பல் நிறத் தகடே சிவக்கிறது என்றால் உடனே அணைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் பிரீஆம்ப் டியூப்களை மெல்லத் தட்டிப் பாருங்கள். லேசான டொக் சத்தம் வரலாம். மணி அடித்தது போல் ஸ்பீக்கரில் ரீங்கரித்தால் அந்த டியூப்பை மாற்ற வேண்டும். பேரம் பேச அது நல்ல காரணம், வேண்டாம் என்று சொல்ல அது போதாது. மூடியைத் திறந்து உள்ளே மட்டும் கை வைக்காதீர்கள். 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற இடம் அது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கடைசிக் கேள்வி, டியூப் மாற்றுவது. தினமும் ஒரு மணி நேரம் வீட்டுச் சத்தத்தில் வாசிப்பவருக்கு பவர் டியூப்கள் பல வருடம் வரும். பிரீஆம்ப் டியூப்கள் அதைவிடவும் நீடிக்கும். சத்தம் மங்கினாலோ, படபடவென்று பொரிந்தாலோ, தட்டினால் ரீங்கரித்தாலோ மாற்றினால் போதும். காலண்டரைப் பார்த்து மாற்ற வேண்டியதில்லை. பயாஸ் என்பது வாசிக்காதபோதும் பவர் டியூப்பில் ஓடும் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் அமைப்பு. இஎல்84 போட்ட சின்ன ஆம்ப்கள் பலவும் கேதோட் பயாஸ் வகை. புது டியூப்பைச் செருகினால் தானே சரிசெய்துகொள்ளும். 6எல்6, இஎல்34 போட்ட பெரியவற்றில்தான் பெரும்பாலும் பயாஸ் அளந்து வைக்க டெக்னீஷியன் தேவைப்படுவார். வாங்கும் ஆம்ப் எந்த வகை என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஆம்ப்பைத் தரையில் வைக்காமல் ஒரு நாற்காலியில் ஏற்றி, ஸ்பீக்கரைக் காதைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். கிட்டார் ஸ்பீக்கரின் உச்சஸ்தாயி டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகத்தான் பாயும். தரையில் வைத்தால் அது உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும், அதனால் நீங்கள் வால்யூமைக் கூட்டுவீர்கள். தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கும் பேஸும் கொஞ்சம் குறையும்.