செலவு உங்களுக்குத் தெரியும், விலை அவருக்குத் தெரியும்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு 4 ஏக்கர் தோட்டம். 2 ஏக்கரில் மஞ்சள், மீதியில் தென்னையும் தீவனமும். 3 கறவை மாடுகள். ஆள் கூப்பிடுவது, களை, தண்ணீர், மாடு, மஞ்சள் வேகவைத்துக் காயவைப்பது எல்லாம் என் பொறுப்பு. விற்பதும் பணம் வாங்குவதும் வீட்டுக்காரர். போன வருடம் 44 குவிண்டால் வந்தது. சராசரி 12,500 ரூபாய்க்கு விற்றோம். செலவு 2,60,000 போக 2,90,000 லாபம் என்கிறார். ஆனால் ஆவணி பிறக்கும்போது கையில் காசு இல்லை. நடவுக்காக வங்கியில் 9 சதவீத வட்டிக்கு வைத்த என் வளையல்களுக்கு வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் திருப்பி வைக்கிறோம். நகைக்கடன் ஒன்றரை லட்சம். மஞ்சள் தூள் அரைத்து நாமே விற்றால் நிறைய நிற்கும் என்று எனக்கு ஆசை. பக்கத்து ஊரில் பண்ணைத் தொழிலும் விற்பனையும் பற்றி 2 நாள் பயிற்சி, கணவன் மனைவி சேர்ந்து வரவேண்டும் என்கிறார்கள். இவரோ, 'நீ போய்ட்டு வந்து சொல்லு' என்கிறார். பால் நோட்டின் பின்பக்கத்தில் நான் எழுதிய கணக்கையும் அனுப்பியிருக்கிறேன். நான் என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, உங்கள் பால் நோட்டை இரண்டு முறை படித்தேன். கடிதத்தைவிட அதில்தான் பதில் இருக்கிறது. எத்தனை ஆள், எந்தத் தேதி, எந்தப் பாத்தி, டீ வடைக்கு எவ்வளவு என்று எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இந்த நோட்டை உங்கள் கணவர் ஒருநாளாவது பார்த்திருப்பாரா என்ற எண்ணம்தான் படிக்கும்போது எனக்கு ஓடிக்கொண்டே இருந்தது. செலவு முழுவதும் தெரிந்தவர் நீங்கள். விலை பேசுபவர் அவர். நடுவில் ஒரு தாள்கூட இல்லை. வளையல் மீளாமல் இருப்பதற்கு மஞ்சள் விலையைவிட இதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கணக்கைப் பார்ப்போம். அவர் சொல்லும் 2,60,000 ரூபாயில் உரம், டிராக்டர், ஆள் கூலி, வேகவைக்கும் கூலி, மெருகு போடும் கூலி எல்லாம் இருக்கின்றன. கையை விட்டுப் போன பணம் என்பதால் அவர் நினைவில் நிற்கிறது. நோட்டில் இருப்பது வேறு. விதைக்கிழங்கு சொந்தக் காட்டிலிருந்து 1,600 கிலோ. கிலோ 30 ரூபாய்க்கு விற்றிருக்க வேண்டிய கிழங்கு, 48,000. உங்கள் மாட்டு எரு 10 டிராக்டர் லோடு. வெளியில் வாங்கினால் லோடு 3,000 என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள், 30,000. மஞ்சள் காட்டில் நீங்கள் நின்ற நாள்களைக் கூட்டினேன், 110. உங்கள் ஊர்க் கூலி 350 என்றால் 38,500. நகைக்கடன் வட்டி, பயிர் காட்டில் இருந்த 10 மாதத்துக்கு 11,250. வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி 9,000. மொத்தம் 1,36,750.

இதைச் சேர்த்தால் செலவு 3,96,750. லாபம் 2,90,000 இல்லை, 1,53,250.

லாபம் குறைந்ததைவிட முக்கியமான விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. அவர் மனதில் ஒரு குவிண்டாலின் அடக்கவிலை சுமார் 5,900 ரூபாய். உண்மையில் அது 9,000-ஐத் தாண்டுகிறது. வியாபாரி 9,500 கேட்டால் 3,600 ரூபாய் நிற்கிறது என்று நினைத்துத் தலையாட்டிவிடுவார். நிற்பது 500 ரூபாய்கூட இல்லை. அவர் ஏமாளி என்று சொல்லவில்லை. பாதிக் கணக்கை வைத்துக்கொண்டு பேரம் பேச அவரை அனுப்பிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

உங்கள் பக்கத்திலும் ஒரு பாதி காலியாக இருக்கிறது. ஏலத்தில் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பெருந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நான் நின்று பார்த்திருக்கிறேன். மூட்டைக்கு முன்னால் மாதிரி மஞ்சளைக் கொட்டி வைத்திருப்பார்கள். வியாபாரி ஒரு விரலியை, அதாவது விரல்போல நீண்ட மஞ்சளை, எடுத்துப் பட்டென்று ஒடிப்பார். சத்தத்தைக் கேட்பார், உள்நிறத்தைப் பார்ப்பார், அடுத்த குவியலுக்குப் போய்விடுவார். நன்றாகக் காய்ந்த விரலி கணீரென்று ஒடியும். வேக்காடு கூடியிருந்தால் உள்நிறம் மங்கியிருக்கும். அந்த ஒரு நொடியில் உங்கள் 10 மாத உழைப்புக்கு விலை எழுதப்படுகிறது. கொப்பரையில் நுரை தள்ளி மணம் வந்ததும் குச்சியைக் குத்திப் பார்த்து இறக்கச் சொன்னது நீங்கள். எந்த மூட்டை நல்ல வேக்காடு, எது மழையில் சிக்கி இரண்டு நாள் கூடுதலாகக் களத்தில் கிடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல நீங்கள் அங்கே இல்லாததால் எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே விலைக்குப் போகிறது. வரும் பட்டத்தில் வேக்காட்டு வாரியாக மூட்டையில் குறி போடுங்கள். விரலி தனி, கிழங்கு தனி என்று பிரிப்பதுபோல இதையும் பிரியுங்கள். ஒரு ஏலத்துக்காவது இருவரும் சேர்ந்து போங்கள். கேட்ட விலை பிடிக்காவிட்டால் கொடுக்காமல் திரும்பலாம் என்ற உரிமை விவசாயிக்கு உண்டு. ஆனால் வட்டிக்காரனோ கல்லூரிக் கட்டணமோ கழுத்தில் உட்கார்ந்திருந்தால் அந்த உரிமையால் என்ன பயன்?

அப்புறம் அந்த நகைக்கடன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டினால் 3 லட்சம் வரை தமிழக விவசாயிக்கு வட்டியே கிடையாது. வங்கியின் கிசான் கடன் அட்டையில் என்றால் 7 சதவீதம். ஒழுங்காகக் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு 9 சதவீதத்துக்கு வளையலை ஏன் வைத்தீர்கள்? சிட்டா, அடங்கல் என்ற நிலப் பதிவுகளை எடுக்க நாலு முறை அலைய வேண்டும், நகை என்றால் அரை மணி நேரத்தில் முடியும் என்பதுதானே காரணம்? நான் பார்த்த எல்லா வீட்டிலும் இதே காரணம்தான். அந்த அரை மணி நேரத்துக்கு வருடத்துக்கு 11,000 ரூபாய்க்கு மேல் விலை கொடுக்கிறீர்கள். சித்திரையிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் போய் அடங்கல் வாங்கிவிடுங்கள். நிலம் அவர் பெயரில் இருந்தால் கடன் அவர் பெயரில் வரட்டும். ஆனால் தவணைத் தேதி உங்கள் வீட்டுக் காலண்டரில் இருக்கவேண்டும். ஒரு நாள் தவறினால் வட்டிச் சலுகை போய்விடும். அந்தத் தேதியைக் காக்கும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பால் காசு நாள் தவறாமல் எண்ணும் கை உங்களுடையது.

எப்போது விற்பது என்பதில்தான் வீட்டில் சண்டை வரும். காத்திருந்தால் ஏறும் என்பார் ஒருவர், கடனை அடைப்போம் என்பார் இன்னொருவர். அறுவடைக்கு முன்பே, இருவரும் நிதானமாக இருக்கும் ஒரு சாயங்காலம், மூட்டைகளைக் காகிதத்தில் பிரித்துவிடுங்கள். கடன், கல்லூரி, அடுத்த நடவு ஆகியவற்றுக்கு எவ்வளவு வேண்டுமோ அத்தனை குவிண்டால் காய்ந்ததும் ஏலத்துக்குப் போகட்டும், விலை எதுவானாலும். மீதி 20 குவிண்டால் என்று வையுங்கள். அதை வீட்டுக் களத்தில் பூச்சிக்குக் கொடுக்காமல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிட்டங்கியில் வைத்துப் பொருளீட்டுக்கடன் வாங்கலாம். சரக்கு மதிப்பில் முக்கால் பங்கு வரை, 180 நாள் வரை, 5 சதவீத வட்டிக்குத் தருகிறார்கள். வைப்பதற்கு முன் அன்றைய விதிமுறையைக் கண்காணிப்பாளரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். 1,80,000 வாங்கி 4 மாதம் வைத்தால் வட்டி 3,000. குவிண்டாலுக்கு 150 ரூபாய். கிட்டங்கி வாடகையும் எடைக் குறைவும் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். அதற்கு மேல் விலை ஏறினால்தான் காத்திருந்ததற்கு அர்த்தம். 'இந்த விலை வந்தால் கொடுப்போம், வராவிட்டால் இந்தத் தேதியில் கொடுப்போம்' என்று இரண்டையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மஞ்சள் விலை எப்படி ஏறும், எப்படி விழும் என்று ஈரோட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் ஆசைக்கு வருகிறேன். மஞ்சள் தூள் நல்ல யோசனை. 44 குவிண்டாலையும் அரைக்கும் யோசனை மட்டும் வேண்டாம். முதலில் 2 குவிண்டால் போதும். ஒரு குவிண்டாலுக்குக் கணக்குப் போட்டேன். சரக்கு மதிப்பு 12,500. அரவைக்கூலி கிலோவுக்கு 15 என்றால் 1,500. அரைகிலோ உறை 190, ஒன்று 5 ரூபாய் என்றால் 950. நீங்கள் சலித்துக் கட்டும் 4 நாளுக்கு அதே 350 கூலியில் 1,400. இதையும் விடாதீர்கள். அரவையில் 5 கிலோ சேதம் போக 95 கிலோ கிடைத்தால் அடக்கம் கிலோ 172. 240-க்கு விற்று, தபால் செலவை வாங்குபவரே ஏற்றால் குவிண்டாலுக்கு 6,450 கூடுதலாக நிற்கும். 2 குவிண்டாலுக்கு 12,900. வளையலை மீட்டுப் பயிர்க்கடனுக்கு மாறினாலே ஓர் உறைகூடக் கட்டாமல் 11,250 மிச்சம். அதனால் முதலில் வளையல், பிறகு தூள்.

தூள் விற்க உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். உறையில் பெயர், முகவரி, நிகர எடை, கட்டிய தேதி, அதிகபட்ச விலை எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். பதிவை உங்கள் பெயரில் எடுங்கள். வேகவைத்துக் காயவைத்து மெருகு போட்டு விற்பது வரை விவசாய வருமானம், அதற்கு வருமான வரி இல்லை. தூளாக்கிப் பொட்டலம் போட்டதும் அந்தக் கூடுதல் லாபம் வியாபாரக் கணக்குக்குள் வரும். தொகை சின்னதாக இருக்கும்வரை வரி வராது, ஆனால் கணக்கு தனியாக இருக்கட்டும். இன்னொன்று, பெங்களூரில் இருக்கும் சொந்தக்காரர் கேட்கிறார் என்று தமிழ்நாட்டுக்கு வெளியே விற்கத் தொடங்கினால் விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கேட்பார்கள். முதல் வருடம் நம் மாநிலத்துக்குள்ளேயே விற்றுப் பழகுங்கள்.

(பொங்கலுக்கு முன் வரப்போரத்து மஞ்சளைக் கொத்தாகப் பிடுங்கி விற்றதாக நோட்டில் ஒரு வரி பார்த்தேன். 4,200 ரூபாய். வேகவைக்கும் வேலை இல்லை, அன்றே காசு. அதை யோசித்தது நீங்களாகத்தான் இருக்கவேண்டும். உங்களுக்கு விற்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.)

வங்கிக் கணக்குப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஏலப் பணம் வரும் கணக்கை இருவர் பெயரிலும், இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற முறையில் மாற்றுங்கள். பால் பணம் உங்கள் தனிக் கணக்கிலேயே வரட்டும், அதில் கை வைக்கவேண்டாம். எந்த வியாபாரியிடம் பாக்கி நிற்கிறது, எந்தக் கடையில் உரக் கடன் இருக்கிறது என்பதை ஒரு பக்கத்தில் அவரை எழுதச் சொல்லுங்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ஈரோடு மாவட்டத்தில் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. கணவர் திடீரென்று படுத்துவிட்டார். யாரிடம் எத்தனை மூட்டை போயிருக்கிறது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. கேட்டால் எல்லாரும் 'அப்பவே குடுத்தாச்சுங்க' என்றார்கள். 20 வருடம் அந்த மண்ணில் வேலை செய்தவர் தன் சொந்தப் பணத்துக்கு ஒரு சாட்சிகூட இல்லாமல் என் முன்னால் உட்கார்ந்திருந்தார். இருவரும் பிரதமர் காப்பீடு இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஆயுள் காப்பீடு வருடம் 436 ரூபாய், விபத்துக் காப்பீடு 20 ரூபாய். ஒவ்வொன்றிலும் 2 லட்சம். ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேரவேண்டும்.

இப்போது பயிற்சி. தனியாகப் போகாதீர்கள். நீங்கள் போய்க் கேட்டுவந்து சொன்னால் அது வீட்டில் நீங்கள் சொன்ன பேச்சாகத்தான் எடுபடும். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டால் யாரும் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியிருக்காது. பப்புவா நியூ கினியாவில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா பல்கலைக்கழகத்தார் இப்படிக் குடும்பமாக உட்கார வைத்துப் பயிற்சி நடத்தினார்கள். அதில் ஒன்று, ஒரு நாளில் வீட்டில் யார் யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று படமாக வரைவது. யாரையும் குற்றம் சொல்லாமல் வேலைப் பங்கு கண்ணுக்குத் தெரிந்துவிடும். நீங்களும் வீட்டில் வரைந்து பார்க்கலாம், காலை 4 மணிப் பால் கறவையிலிருந்து.

உங்கள் கணவரிடம் 'எனக்கும் கணக்குத் தெரியவேண்டும்' என்று தொடங்காதீர்கள், அது சந்தேகமாகக் கேட்கும். '5,900-னு நினைச்சோம், 9,000 ஆகுதாமே, நீங்களே கூட்டிப் பாருங்க' என்று நோட்டை அவர் கையில் கொடுங்கள். விலை பேசும் மனிதர் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். பயிற்சிக்குப் போகும்போது போன வருட ஏலச் சீட்டுகளை அவர் எடுத்துக்கொள்ளட்டும், பால் நோட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 2 நாள் மாடு கறக்க யாரிடம் சொல்வது என்பதை மட்டும் இன்றைக்கே முடிவு செய்துவிடுங்கள்.